பூட்டிய வீட்டில் பேச்சுக்குரல்

2024 பெப்ரவரி 21, புதன்

விளக்கேற்றி, முருகனுக்கு இரண்டு பாட்டுப் பாடி முடித்துவிட்டு வினோஜனை எழுப்பினேன். எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டபோது, "தூங்குனாத்தானே எழும்புறதுக்கு" என்றான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

பதினைந்து வயது நடக்கிறது. பத்தாம் வகுப்பு. போன வருசம் வரைக்கும் நான் கூப்பிடுவதற்கு முன்னால் எழும்பி, பீலியில் தண்ணீர் பிடித்து வைத்து, தங்கச்சி கிருஷாந்தியின் பள்ளிக்கூடச் சப்பாத்தையும் துடைத்து வைக்கிற பிள்ளை. வயசுக் கோளாறு என்கிறார் பக்கத்துக் காம்பரா காளியாயி அக்கா. மூன்று ஆண் பிள்ளைகளை வளர்த்தவர், தெரிந்துதான் சொல்வார்.

பத்து மணிபோலப் பள்ளிக்கூடத்திலிருந்து போனில் கோல். போனேன். வகுப்பு ஜன்னல் கண்ணாடியைக் கதிரையால் அடித்து நொறுக்கியிருக்கிறான். அதிபர் என்னை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா உடைச்ச?"

"சிரிச்சாங்க சேர்."

"யாரு?"

"வெளிய நின்னவங்க."

அந்த ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு. ஆள் நிற்க இடமில்லை. கூடப் படிக்கிற பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிபருக்குக் கோபம், பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்று. இரண்டு கிழமைக்குப் பள்ளிக்கூடம் வர வேண்டாமாம்.

வரும் வழியில் கோவிலைத் தாண்டும்போது அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். அது போதும் என்று நினைத்தேன்.

கடையில்: பருப்பு, சீனி, விளக்குத் திரி ஒரு கட்டு. கண்ணாடிச் செலவை அதிபர் பிறகு சொல்வார். இங்கே ஒரு வரி இடம் விட்டு வைக்கிறேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

பிள்ளைகளின் அப்பா கொழும்பிலிருந்து கோல் எடுத்தார். வேலை செய்கிற கடையில் ஆள் இல்லையாம், சித்திரை வருசத்துக்குத்தான் லீவாம். விசயத்தைச் சொன்னேன். "நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க. நா வந்து பேசிக்கிறேன்" என்றார். அவர் பிள்ளையோடு பேசுவது கையால்தான்.

மார்ச் 3, ஞாயிறு

மாதர் சங்கக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மிஸ் வாசலில் வந்து நின்றார். கேதீஸ்வரி என்று பெயர், ஊர் யாழ்ப்பாணம், கெம்பஸில் மேல்படிப்பு. ஆராய்ச்சி செய்கிறாராம். தலைப்பை எழுதித் தரச் சொல்லி வாங்கிப் படித்தேன்: பெருந்தோட்டப் பகுதிக் கட்டிளமைப் பருவத்தினரின் உளநலமும் பிறழ்வான நடத்தையும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் தேவாரப் புத்தகத்திலும் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும்தான். கட்டிளமை என்பது விளங்கியது. பிறழ்வான என்றால் என்ன என்று கேட்டேன்.

"களவெடுக்கிறது, அடிபடுறது, பள்ளிக்கூடத்துக்கு ஒளிக்கிறது, சாமான் உடைக்கிறது. இப்பிடிச் செய்யிற பிள்ளையளின்ர மனசுக்குள்ள என்ன கிடக்கெண்டு பாக்கிறம் அக்கா."

"பாத்து என்னா செய்வீங்க?"

"முதல்ல பாப்பம் அக்கா."

எந்த வீட்டில் எந்த வயதில் பிள்ளை இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று கோவில் தலைவர் அனுப்பியிருக்கிறார். இருபத்தாறு பெயர் சொன்னேன். கடைசியாக என் பிள்ளையையும் சொன்னேன். விட்டிருக்கலாம். கணக்கில் ஒன்றை மறைத்தால் மொத்தம் பிழையாகிவிடும் என்று பழகிவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

கோவில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து மிஸ் கேள்வித் தாள் கொடுத்தார். நான் தேத்தண்ணி போட்டேன். விளங்காத கேள்வியை மிஸ் வாசித்துச் சொன்னார். யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன.

ஒரு கேள்வி: பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் யாரோ பேசுகிற மாதிரிக் குரல் கேட்கிறதா?

"கேக்கும் மிஸ்" என்று மண்டபமே சொன்னது. மிஸ் திகைத்துப் போனார்.

"எல்லாருக்குமோ?"

"லயத்துல எல்லாருக்கும் கேக்கும் மிஸ். எங்கம்மா அப்பாவ ஏசுனா கடைசிக் காம்பராவுல சிரிப்பாங்க."

நான்தான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். எங்கள் லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள்; இடைச்சுவர் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம், அதோடு சரி. அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் வெளி. எங்கள் வீட்டில் தும்மினால் காளியாயி அக்கா அந்தப் பக்கத்திலிருந்து "ஆயுசு நூறு" என்பார்.

அப்போது வினோஜன் எழும்பி நின்று, "அத நிப்பாட்ட முடியுமா மிஸ்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். நானும்.

"இந்தக் கேள்வி உங்கட இடத்துக்குச் சரிவராது அக்கா" என்று சொல்லி, எல்லாத் தாளிலும் அதைப் பேனையால் வெட்டிவிடச் சொன்னார். வெட்டினார்கள்.

மார்ச் 29, வெள்ளி

காளியாயி அக்கா காயப்போட்ட துணி எல்லாவற்றையும் இழுத்துச் சாக்கடைக் கானில் போட்டுவிட்டான். அவர் மகன் லக்ஸ்மன் தம்பியின் கோவில் வேட்டியும் அதில். நல்ல பையன் அந்த லக்ஸ்மன், சத்தம் போட்டுப் பேசமாட்டான், கோவிலில் தப்பு மேளம் அடித்தால் மட்டும்தான் சத்தம். அவனே வந்து, "என்னாக்கா இவன் இப்புடிப் பண்றான்" என்று கேட்டுவிட்டான்.

வினோஜனிடம் கேட்டேன். "என்னயப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காங்க. நிப்பாட்டச் சொன்னேன், நிப்பாட்டல."

பேசத்தான் செய்வார்கள். கண்ணாடி உடைத்ததைப் பற்றி அக்கா அங்கே பேசியது என் காதிலும் விழுந்ததே. அடுத்தவர் வாயை நாம் மூட முடியுமா, காதில் வாங்காதே என்று புத்தி சொன்னேன்.

அவன் காற்சட்டைப் பையில் மாவாப் பொட்டலம். அதை அடுப்பில் போட்டேன். சேட்டிலும் அந்தப் புகையிலை நாற்றம்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப் பிறப்பு. பொங்கல், வடை, மூன்று கறி. அவர் வந்திருக்கிறார்.

மத்தியானத்துக்கு மேல் பெல்ட்டால் அடித்தார். கிருஷாந்தி என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அடி வாங்குகிறவன் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான், சுவர் ஏதோ சொல்வது போல. அவரும் கண்டிருப்பார். பெல்ட்டைப் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எப்படி எழுதுவது.

காளியாயி அக்கா வீட்டில் எல்லாரும் நேற்றுக் காலையிலேயே லிந்துலைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். போகும்போது சாவியை என்னிடம் தந்து, கோழிக்குத் தீனி போடச் சொன்னார்கள். லயத்தில் எங்களுக்கு மற்றப் பக்கம் யாருமில்லை, இதுதான் முதல் காம்பரா.

இன்று பின்னேரம் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். வினோஜன் இடைச்சுவரைக் கையால் குத்துகிறான். "பேசாதீங்க. பேசாதீங்கன்னு சொன்னேன்ல." கை முட்டி தோல் உரிந்து சுவரில் ரத்தம்.

"யாருடா பேசுறா?"

"கேக்கலையா உங்களுக்கு? லக்ஸ்மன் அண்ணன். இவன அந்தப் பாறையில கொண்டு போய்த் தள்ளுனா என்னான்னு கேக்குறாரு. கேளுங்க. இப்பக்கூட."

கேட்டேன். காது கொடுத்துக் கேட்டேன். கோழி கொக்கரிப்பது தவிர ஒன்றுமில்லை. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

பூட்டிய வீட்டில் யார் பேசுகிறார்கள்? அப்படியென்றால் பெப்ரவரியில் ஜன்னலுக்கு வெளியே நின்று சிரித்தது யார்? மண்டபத்தில் நிப்பாட்ட முடியுமா என்று கேட்டானே — நான் சிரிச்சேனே. ஈஸ்வரா, நான் சிரிச்சேனே.

மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். இந்தத் திருவிழாவுக்கு என் பிள்ளை காப்புக் கட்டித் தீச்சட்டி எடுப்பான். அவனை எனக்குத் திருப்பித் தா.

ஏப்ரல் 22, திங்கள்

மிஸ்ஸுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "அந்தக் கேள்வியை நான்தானே அக்கா வெட்டினனான்" என்றார்.

ஏப்ரல் 27, சனி

மிஸ் வந்தார். அவனோடு தேயிலைப் பாதையில் நடந்துகொண்டே வெகுநேரம் பேசினார். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"அவன் எனக்குச் சொன்னது முழுக்க உங்களுக்குச் சொல்லேலாது அக்கா. ஆனா இவ்வளவும் சொல்லோணும். இது வருத்தம். காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம். மருந்து இருக்கு. கெதியாக் காட்டோணும்."

டவுன் ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக். பெரிய டொக்டர் லீவாம். மே 14 செவ்வாய்க்கு நம்பர் எடுத்துத் தந்தார். தானே ஆட்டோ கொண்டு வருவாராம். அதற்குள் கூடிப்போனால் திகதியைப் பார்க்காமல் கொண்டு போகச் சொன்னார்.

நம்பர் அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். யார் வந்தாலும் கண்ணில் படாத இடம். அந்த கிளினிக்குக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு நாம் என்ன பேசுவோம் என்றும் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறது.

மே 5, ஞாயிறு

பூசாரி பழனியாண்டி ஐயா கூட்டத்தில் திருவிழாத் திகதி சொன்னார். பத்தாம் திகதி காப்பு. பத்தொன்பதாம் திகதி கரகம், தீச்சட்டி. இருபதாம் திகதி காப்பு அவிழ்ப்பு. நடுவில் விழுகிறது பதினான்கு.

காப்புக் கட்டினவர்கள் அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. ரோட்டுக்கு ஏறுகிற பாலம்தான் எல்லை.

ஆஸ்பத்திரியில் இன்னொரு திகதி கேட்கலாம். அம்மனிடம் எப்படி இன்னொரு திகதி கேட்பது?

வினோஜனிடம் சொன்னேன். யோசித்தான். "கட்டுனா சத்தம் நிக்குமா அம்மா?"

நிற்கும் என்றேன்.

மே 10, வெள்ளி

காப்பு கட்டியாயிற்று. மஞ்சள் துண்டு, மஞ்சள் வேட்டி. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து கையை நீட்டியபோது சின்னப் பிள்ளை மாதிரி இருந்தான்.

மே 12, ஞாயிறு

இரண்டு நாளாகச் சத்தம் இல்லை. கோவிலிலேயே இருக்கிறான். கூட்டுகிறான், தோரணம் கட்டுகிறான், பச்சரிசிச் சோறு ஒருவேளை சாப்பிடுகிறான். காளியாயி அக்காவே, "ஏன்டி மீனம்மா, இவன் நம்ம வினோஜன்தானா? சாமியாராப் போயிடப் போறான், இப்பவே பொண்ணு பாரு" என்று கேலி பண்ணினார். நான் நேராகக் கோவிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினேன். வருத்தமாம், மருந்தாம். என் தாய் இருக்கும்போது எனக்கு என்ன மருந்து.

மே 14, செவ்வாய்

ஏழு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது.

"வெளிக்கிட்டாச்சோ அக்கா?"

"காப்பு கட்டியிருக்கு மிஸ். பாலம் தாண்டக்கூடாது."

மிஸ் அவன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, என்ர அம்மாவும் கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணியோட இருக்கிறவ. நான் சாமியைக் குறை சொல்லேல்ல. பூசாரி ஐயாவை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"கேக்கக் கூடாது மிஸ்."

"ஏன்?"

"கட்டுனா கட்டுனதுதான்."

"நான் கேக்கட்டோ?"

"வேணா. இது எங்க வூட்டு விசயம். இப்ப நல்லாத்தானே இருக்கான்."

"சில நேரம் அப்பிடித்தான் இருக்கும் அக்கா. அதை நம்பி இருக்கேலாது."

ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். வாசற்படியில் நின்ற வினோஜன், "போயிட்டு ஓடி வந்துர்றேனே அம்மா" என்றான்.

"அம்மன் கோவிச்சுக்குவாடா."

அவன் உள்ளே போய்விட்டான். அடுத்த கிளினிக் இருபத்தெட்டாம் திகதி. அதுவரைக்கும் கத்தி, மண்ணெண்ணெய், புல்லுக்கு அடிக்கிற மருந்து எதையும் கையில் படுகிற மாதிரி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மிஸ் வெறும் ஆட்டோவில் திரும்பிப் போனார். மழை தூறியது. தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை நான்.

கத்தியை அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

மே 16, வியாழன்

பக்கத்தில் லக்ஸ்மன் தம்பி தப்பைக் காய்ச்சித் தட்டிப் பார்க்கிறான். இங்கே இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "தப்புச் சத்தம்தானே" என்றேன். "தப்பு மட்டும் இல்ல" என்றான். இன்னும் மூன்று நாள். தாயே, மூன்று நாள்.

மே 19, ஞாயிறு

எழுத முடியாது.

மே 21, செவ்வாய்

எழுதாவிட்டால் நான் என்னவோ ஆகிவிடுவேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பீலிக்கரையிலிருந்து கரகம் புறப்பட்டது. பின்னால் தீச்சட்டிக்காரர்கள். வேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் சட்டியை வைத்து, அவன் கையில் நானே கொடுத்தேன். கத்தியை ஒளித்து வைத்தேன். தீச்சட்டியை நானே கையில் கொடுத்தேன்.

லயத்துத் திருப்பத்தில் அவன் உடம்பு உதறத் தொடங்கியது. கண் மேலே போனது. "அருள் வந்திருச்சு, அருள் வந்திருச்சு" என்று கத்தினார்கள். அருள் வந்தால் தப்புக்காரர் முகத்துக்கு நேரே வந்து அடிப்பார். லக்ஸ்மன் வந்தான். அடித்தான். பிள்ளை பின்னால் போகப் போக அவன் முன்னால் வந்து அடித்தான், அதுதானே முறை. பெண்கள் குலவை போட்டார்கள். இவன் வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. சாமி வாக்குச் சொல்கிறது என்று காளியாயி அக்கா காதைக் கொண்டு போனார்.

எனக்குக் கேட்டது. "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்றுதான் சொன்னான்.

கேட்டும் நான் என்ன செய்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். எம் புள்ளய நானே கும்புட்டுக்கிட்டு நின்னேன்.

சட்டியை லக்ஸ்மனின் முகத்தில் வீசிவிட்டான்.

வேண்டாம். அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம்.

ஆட்கள் அவன்மேல் விழுந்து அடித்தார்கள். அடித்தவர்களில் சற்று முன்னால் அவன் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டவர்களும் இருந்தார்கள். இருட்டுவதற்குள் பொலிஸ் ஜீப் வந்தது. பாலத்தைத் தாண்டும்போது பின்னால் ஓடினேன். கம்பியைப் பிடித்திருந்த கையில் மஞ்சள் காப்பு.

எல்லை தாண்டிவிட்டான். காப்போடுதான் தாண்டினான்.

மே 24, வெள்ளி

அவர் கொழும்பிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். "நானும் அடிச்சேனே" என்று ஒருமுறை சொன்னார், என்னிடம் இல்லை.

பழனியாண்டி ஐயா வந்தார். உள்ளே வரவில்லை. மிஸ் அவரிடம் பேசியிருப்பார் போல.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு ஏன் தாயி சொல்லல?"

"காப்பு கட்டியிருந்துச்சேங்க."

"போன வருசம் தோட்டத்துக் கண்டாக்கையா மகளுக்கு வயித்து வலி வந்தப்ப நா என்னா பண்ணேன்? காப்பக் கழட்டிச் சூலத்துல கட்டிட்டு அனுப்பல? திரும்பி வந்ததும் மறுபடி கட்டுனேனே. நீயுந்தான பக்கத்துல நின்ன."

நின்றேன். சூலத்தில் கட்டும்போது தட்டில் குங்குமம் ஏந்தி நின்றவள் நான்.

பிறகு ஏன் கேட்கவில்லை? கேட்டால் எந்த ஆஸ்பத்திரி என்பார். என்ன வருத்தம் என்பார். பக்கத்தில் நிற்கிறவர் கேட்பார். இடைச்சுவருக்கு மேலால் போய்விடும். அம்மனுக்குப் பயந்தேன் என்று இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அது பொய்க் கணக்கு. நான் பயந்தது லயத்துக்கு.

அம்மன் கேட்கவேயில்லை. நான்தான் அவள் பெயரில் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

லக்ஸ்மனுக்கு வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் காளியாயி அக்கா. கொண்டு போன கஞ்சியை வாங்கவில்லை.

"போயிரு மீனம்மா. கோவத்துல சொல்லல. போயிரு."

வெளியில் வாங்குப் பலகையில் வைத்துவிட்டு வந்தேன்.

வினோஜனை முதலில் பிள்ளைகளைத் தடுத்து வைக்கிற இடத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே தலையைச் சுவரில் மோதிக்கொண்டானாம். இப்போது நீதவான் சொல்லி ஆஸ்பத்திரி வார்டில் வைத்து மருந்து கொடுக்கிறார்கள். மே பதினான்காம் திகதி ஆட்டோவில் போக வேண்டிய இடத்துக்குப் பொலிஸ்காரர் இருவரோடு போய்ச் சேர்ந்தான்.

ஜூலை 14, ஞாயிறு

மிஸ் வந்தார். இளைத்துப் போய்விட்டார். அவரும் தூங்குவதில்லையாம். அந்தக் கேள்வியைத் திருத்தி, தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். பக்கத்து வீடு பூட்டியிருக்கும்போதும் கேட்கிறதா?

வினோஜனைத் தவிர்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் ஆமாம் என்றிருக்கிறார்கள்.

"யாரு மிஸ்?"

"சொல்லேலாது அக்கா. வீட்டுக்காரரோட கதைச்சிட்டன். ஒரு வீட்டுக்காரர் கிளினிக்குக்குப் போகினம். மற்ற வீட்டுக்காரர் முனிக்குப் பூசை செய்யினமாம்."

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். சிரிக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மாதர் சங்கக் கூட்டம். காளியாயி அக்கா வரவில்லை. கணக்கு வாசித்து முடித்தேன். உட்காரவில்லை.

என் பையனுக்கு மூளையில் வருத்தம், அந்த கிளினிக் மருந்துதான் குடிக்கிறான் என்று சொன்னேன். கேட்பது லயத்துப் பேச்சா வருத்தமா என்று தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீடு பூட்டியிருக்கும்போது கேட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். காப்பைக் கழற்றிச் சூலத்தில் கட்டலாம் என்றும் சொன்னேன்.

எல்லாரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இனி என் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

பின்னேரம் பீலியடியில் சங்கத்து வினோதா பக்கத்தில் வந்து குடத்தை வைத்தாள். இரண்டு பிள்ளைக்காரி. நிமிர்ந்து பார்க்காமலே, "என்னா கெழமையில கிளினிக்கு?" என்றாள்.

"செவ்வாக்கெழம. நா கூட வாறேன்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

லக்ஸ்மனின் அண்ணன்மார் வந்து, இடைச்சுவருக்கு மேல் கூரை வரைக்கும் தகரம் அடித்தார்கள். ஆணி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் எங்கள் பக்கம் தூசி கொட்டியது. சாமிப் படத்தைத் துணி போட்டு மூடினேன்.

தும்மினால் இப்போது நூறு சொல்ல ஆளில்லை.

ஒக்டோபர் 6, ஞாயிறு

நேற்று வினோஜனை வீட்டுக்கு விட்டார்கள். வழக்கு முடியவில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் மாதம் ஒருமுறை வருவார். மருந்து ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. உடம்பு ஊதியிருக்கிறது, நாக்குத் தடிக்கிறது, நடை மெதுவாகிவிட்டது. கிருஷாந்தி முதலில் கிட்டப் போகவில்லை. பிறகு தன் சப்பாத்தைத் துடைத்துவிட்டு அவனுடையதையும் துடைத்து வைத்தாள். பள்ளிக்கூடம் அவனை எடுக்காது, அது அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 8, வெள்ளி

நேற்றுச் சூரன்போர். ஆறு நாள் விரதம் முடிந்து இன்று சோறு சாப்பிட்டேன். இந்தத் தடவை எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. சும்மா இருந்து கும்பிட்டேன்.

டொக்டர் அவனுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார். சத்தம் கேட்டால் நம்பிக்கையான ஒருவரைக் கேட்டுப் பார்க்க வேண்டும், அவருக்கும் கேட்கிறதா என்று. அதற்கு என்னைத்தான் காட்டியிருக்கிறான். என்னை.

அதனால் ஒரு நாளில் பலமுறை நான் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறேன். ஆறுதலுக்காக ஒரு தடவையும் பொய் சொல்வதில்லை. இல்லை என்றால் இல்லை என்கிறேன்.

இன்று பின்னேரம் சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தான்.

"அம்மா, அந்தப் பக்கம் ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"பேசுறாங்களா?"

அடுப்பைக் குறைத்தேன். கேட்டேன். "இல்லப்பா. யாரும் பேசல."

தலையை ஆட்டினான். கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் தகரத்துக்கு அப்பால் ஓர் இருமல். பிறகு இன்னொன்று. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"லக்ஸ்மன் அண்ணன் இருமுறாரு" என்றேன்.

"அது எனக்கும் கேட்டுச்சு" என்றான்.

இரண்டு பேரும் அப்படியே இருந்தோம், அந்த இருமல் நிற்கும்வரை.